சங்கு ஊதினால் சாப்பாடு

மே மாதம் பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை. பெற்றவளுக்கு அது இருக்கிற வேலையோடு இன்னொரு வேலை. பள்ளிக்கூடம் நடக்கிறவரை மஞ்சுளாவுக்கு மத்தியானச் சாப்பாடு என்று ஒரு கவலையே இருந்ததில்லை. மூத்தவள் எழிலரசியும் சின்னவன் அன்புவும் பள்ளிச் சத்துணவை முட்டையோடு சாப்பிட்டுவிட்டு வருவார்கள். காலையில் இரண்டு இட்லி, ராத்திரிக்குச் சூடாக ஏதாவது, அவ்வளவுதான் அவள் அடுப்பின் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்த பிறகுதான் ஒரு நாளுக்கு நடுவில் மத்தியானம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு உறைத்தது.

மஞ்சுளா பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டு இப்போது குடியிருப்பது எல்லாம் வல்லம் வடகால்தான். அவள் அப்பா நெல் போட்ட இடத்தில் இன்று ஏதோ ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "அந்தச் சேத்துல நாள் பூரா குனிஞ்சி களை எடுத்துப் பாரு, அப்பால பேசு" என்று வாயை அடைத்துவிடுவாள். ப்ளஸ் டூ முடித்தாள், புருஷோத்தமனைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளை பெற்றாள், சின்னவனை அங்கன்வாடியில் விட்ட கையோடு ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். கார்களுக்குள்ளே ஓடுகிற ஒயர்களை ஒரு பலகையில் நிறம் பார்த்து வரிசையாகக் கோத்துக் கட்டுகிற லைன் அவளுடையது. பால்காரர் தெருவைத் தாண்டும்போது பஸ் ஏறினால், தெருவிளக்கு எரியும்போதுதான் இறங்குவாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். இதைச் சொல்வதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. சிவப்பு போக வேண்டிய ஓட்டையில் சிவப்பு போய் 'டிக்' என்று உட்காருகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் மனசுக்குள் எதுவோ சரியாகிறது என்பாள்.

புருஷோத்தமன் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற நீள ட்ரெய்லரின் டிரைவர். கிளம்பினால் திரும்பிவர வாரக்கணக்காகும். ஆகவே வீட்டில் பகல் முழுக்க ஒன்பது வயது எழிலரசியும் ஆறு வயது அன்புவும் மட்டும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, லைட்டரைப் பீரோவின் தலையில் ஒளித்துவிட்டுத்தான் மஞ்சுளா பஸ்ஸுக்கு ஓடுவாள். அடுப்பில்லாமல், பெரியவர்கள் துணையில்லாமல் அந்த இரண்டும் மத்தியானம் சாப்பிட வேண்டும்.

முதல் சில நாள் அவள் ஊர் வழக்கப்படி சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும் மூடி வைத்துவிட்டுப் போனாள். கூரையோ தகரம். மே மாதத் தகரக் கூரையின் கீழ் பருப்புச் சாம்பார் என்ன ஆகும் என்று எந்தப் பள்ளியிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். பிள்ளைகள் முனைக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கித் தின்று தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலில் ஆடியிருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அன்பு சுருண்டு படுத்திருந்தான். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்துல வெயில். அதுக்கு மேல பாக்கெட் குப்ப. சோறு போடுமா புள்ளைக்கு" என்றாள். சோறு போடாத தாய் என்று ஊர் ஒருத்தியைச் சொல்வதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும். மஞ்சுளாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

செய்தி நாத்தனார் ஊரான பென்னலூருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி முனியம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். முனியம்மாள் புருஷோத்தமனின் அக்கா, மஞ்சுளாவுக்கு நாத்தனார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் நடேசன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். நிலத்துக்கு வந்த பணத்தில் கட்டிய பெரிய மாடி வீட்டில் அவள் ஒருத்தி. கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்தவர் வீட்டு மூடியைத் திறந்து பார்க்காமல் உட்காருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றும் எல்லா மூடியையும் திறந்து பார்த்தாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டு, மஞ்சுளாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டேய், உன் புள்ள எலும்பும் தோலுமா கீறான். இவ கம்பெனிக்குப் போறேன்னு ரெண்டையும் பட்டினி போட்டுட்டுப் போறா. நான் கூட்டிகினு போறேன். ஸ்கூல் தெறக்கற வரிக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

புருஷோத்தமன் நாக்பூர்ப் பக்கம் எங்கோ ஒரு தாபாவில் இருந்தான். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைத் திறக்கிற தைரியம் அவனுக்கு நேரிலேயே கிடையாது, போனில் எங்கே வரும். கொஞ்ச நேரம் இருமினான். "அக்கா, வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். மஞ்சு, நீ எதுனா பண்ணு. புள்ளைங்க சாப்ட்டா இருக்கட்டும். இல்லன்னா... அக்கா சொல்றதும் நாயம்தானே."

"வெள்ளிக்கெழம மத்தியானம் நானே வந்து பாக்கறேன்" என்றாள் முனியம்மாள். "டப்பா காலியா இருந்தா நான் வாய தொறக்கல. இல்லன்னா துணிமணியோட தூக்கிகினு பூடுவேன்."

மஞ்சுளாவுக்குப் பகலில் பிள்ளைகள் கிடையாது. இருப்பது சாயங்காலத்திலிருந்து படுக்கிறவரைதான். அன்பு தூக்கத்தில் காலைத் தூக்கி அவள் வயிற்றின் மேல் போடுவான்; எழிலரசி இருட்டில் அன்றைய கதையெல்லாம் கொட்டுவாள். அதுவும் போனால் அந்த வீட்டில் அவள் எதற்கு? அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். இந்த மே மாதம் பிள்ளைகள் போனால் அடுத்த லீவுக்கும் போவார்கள். அதற்கடுத்து, "புள்ளைங்க இங்க, நீ அங்க, வேல எதுக்கு" என்ற பேச்சு வரும். "சரி அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

லைனில் அவளுக்குப் பக்கத்துப் பலகை வேல்விழியுடையது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். மறுநாள் மஞ்சுளா சொன்னதைக் கேட்டு அவள் கையை நிறுத்தாமலே சிரித்தாள்.

"யக்கா, இந்த வெயில்ல சாம்பாரையா வச்சிட்டு வாரிய? அது மத்தியானம் வரைக்கும் நிக்குமா? கெட்டுல்லா போவும். எங்கம்ம தீப்பெட்டி ஆபீசுக்குப் போவும்போது எங்களுக்கு புளிச்சோறு, அவலு, கடல உருண்ட, இப்படித்தான் வச்சிட்டுப் போவா. ஒண்ணும் ஆவாது."

அந்தப் பேச்சில் பாதி வழி கிடைத்தது. கெடாததை வை. தேங்காய் அரைத்ததும் பருப்பு கரைத்ததும் வேண்டாம். சோற்றை நன்றாகக் குழைத்து ஆறிய பாலை நிறைய ஊற்றி ஒரே ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு மூடினால், மத்தியானம் திறக்கும்போது புளிக்காத தயிர்சோறு தானாகத் தயாராக இருக்கும். டப்பாவை ஒரு பேசின் தண்ணீருக்குள் நிறுத்தி ஈரத்துண்டைப் போர்த்தினால் தகரக் கூரையால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாம் சரி. கெடாத சோற்றைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே? அது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதி அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே கிடந்தது. ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகள் டீச்சர் விளையாட்டு விளையாடுவதில்லை. கம்பெனி விளையாட்டு விளையாடுவார்கள். எழிலரசி கழுத்தில் கயிற்றில் கோத்த அட்டை தொங்கியது. அவள்தான் சூப்பர்வைசர். அன்பு சுவரில் கட்டைவிரலை அழுத்தி வருகைப் 'பஞ்ச்' அடித்துவிட்டு உள்ளே வந்து, செங்கல் துண்டுகளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அடுக்கினான். வேர்த்து ஒழுகியது. நிறுத்தவில்லை.

மஞ்சுளா பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்று பார்த்தாள். "உங்க கம்பெனில கேன்டீன் இல்லியா?"

எழிலரசி யோசித்தாள். "இல்லம்மா."

"கேன்டீன் இல்லாம இன்னா கம்பெனி அது? ஆளுங்க வேலைய வுட்டு நின்னுடுவாங்க."

அன்புவுக்கு அது நியாயமாகப் பட்டது. செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கேன்டீன் வேணும்" என்றான்.

அவளுக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. இதே அன்பு பள்ளிக்கூடத்தில் தட்டைக் கழுவிவிட்டு வந்து நிற்கிறவன். அங்கே மணி அடிக்கிறது, வரிசை இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறது. வீட்டில் ஒரு சட்டிச் சோறு மூலையில் உட்கார்ந்து இவனை முறைத்துக்கொண்டிருக்கிறது. பசி இருந்தாலும் அதன் பக்கம் போக யாருக்குத் தோன்றும்?

மணிக்கு வழி இருந்தது. தெருவுக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு நீளமாக ஒருமுறை ஊதும். சங்கு ஊதினால் கேன்டீன் திறக்கும். சோப்பு டப்பா அட்டையை வெட்டி டோக்கன் செய்தாகிவிட்டது. கை கழுவாமல் உள்ளே வரக்கூடாது. எழிலரசி எதையும் அரைகுறையாகச் செய்கிற பெண் இல்லை. கம்பெனியில் இன்னும் என்னென்ன சட்டம் என்று அம்மாவைத் துளைத்தெடுத்தாள். ஓடக்கூடாது. முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். சங்கு விட்டுவிட்டு ஊதினால் அது மாக் ட்ரில், தீ விபத்து ஒத்திகை. கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே மரத்தடியில் போய் வரிசையாக நிற்க வேண்டும், தலை எண்ண வேண்டும், மறுபடி நீளச் சங்கு ஊதுகிறவரை உள்ளே வரக்கூடாது. மஞ்சுளா சோறு கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

இனி சமையல். புதிதாக அவள் எதையும் வாங்கவில்லை. ரேஷன் அரிசி, ரேஷன் கோதுமை, வீட்டில் இருக்கிற சேமியா, சந்தையில் மலிவாகக் கிடைத்த கேரட், பீட்ரூட், அவ்வளவுதான் சரக்கு. திங்கட்கிழமை சப்பாத்தியில் வறுத்த வேர்க்கடலையையும் வெல்லத்தையும் பொடித்துத் தூவி, இறுக்கிச் சுருட்டி, வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கினாள். "இது இன்னாமா?" என்றான் அன்பு. "டயரு. லாரிக்கு ஆறு, காருக்கு நாலு. எது ஓட்டறியோ அவ்ளோ துன்னு." சாயங்காலம் வந்தபோது டப்பா காலி. அவன் லாரிதான் ஓட்டியிருந்தான்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தெருவில் நாய் இருக்கிறது, சாக்கடை இருக்கிறது. எழிலரசி பொய் சொல்ல மாட்டாள், ஆனால் தம்பிக்காகச் சொல்லக்கூடும். மறுநாள் சேமியாவை மூன்றாகப் பிரித்துக் கிண்டினாள். ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் அரைத்த கொத்தமல்லி. எலுமிச்சம்பழம் பிழிந்து மூன்றையும் டப்பாவில் தனித்தனியாகப் படுக்கவைத்தாள். சிவப்பு ஒயர், மஞ்சள் ஒயர், பச்சை ஒயர். "ஒவ்வொரு கலரா கனெக்‌ஷன் குடுக்கணும். கலந்துட்டா வண்டி ஸ்டார்ட் ஆவாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். சாயங்காலம் அன்பு வாசலில் நின்று நாக்கை நீட்டிக் காட்டினான். செக்கச்செவேல் என்று இருந்தது. பிள்ளையின் நாக்கைப் பார்த்து ஒரு பெண் அழுதாள் என்றால் சிரிப்பீர்கள். அவள் அழுதாள். கொஞ்சம்தான், முகம் கழுவுகிற சாக்கில்.

புதன்கிழமை, மீந்த இட்லியைத் துண்டாக்கி நல்லெண்ணெயிலும் பொடியிலும் புரட்டி, கேரட் வட்டத்தோடு மாற்றி மாற்றித் தென்னங்குச்சியில் குத்தி வைத்தாள். அது போல்ட்டும் நட்டும். வியாழக்கிழமை பால் ஊற்றிய தயிர்சோற்றில் மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். அதற்கு ஒரு பேரும் வைக்க நேரமில்லை. அன்று மட்டும் உப்பு கம்மி என்று புகார் வந்தது, ஆனால் டப்பா காலி. வெள்ளிக்கிழமைக்கு முளைகட்டிய பயறும் கேரட்டும் போட்ட பிடிகொழுக்கட்டை. விடிகாலையில் அன்புவையே எழுப்பி உட்காரவைத்து அவன் கையாலேயே பிடிக்கவைத்தாள். அவன் விரல் தடம் பதிந்தது எது என்று அவனுக்குத் தெரியும். அதை அவன் விடமாட்டான். மத்தியானம் அண்ணி வருவாள், பார்ப்பாள், தீர்ந்தது விஷயம் என்று அவள் பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாரத்தில் முதல் முறையாக ஒரகடம் வரை தூங்கிக்கொண்டே போனாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூப்பர்வைசர் வசந்தகுமார் அவள் பலகைக்கு வந்து நின்றார். லைன் ஓடும்போது அவர் யாரையும் கூப்பிடுகிறவர் இல்லை.

"மஞ்சுளா, உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணாரு. லாக்கர்ல போன எடுத்து ஊருக்குப் பேசுங்க. நீங்க போங்க, நான் ஆள் நிறுத்தறேன்."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க போங்க" என்று வேல்விழி இரண்டு பலகைக்கும் நடுவில் நகர்ந்தாள்.

போனில் வரிசையாக முனியம்மாளின் அழைப்புகள். திருப்பி அடித்ததும் அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "வூடு தொறந்து கெடக்குது மஞ்சுளா. டப்பா மூடி மூடினபடியே கீது. புள்ளைங்க ரெண்டத்தையும் காணோம். கடைல கேட்டேன், பாக்கலன்றான். ஏரிக்கரப் பக்கம் வந்து தேடிகினு கீறேன்."

ஏரி என்ற வார்த்தையைக் கேட்டதும் மஞ்சுளா லாக்கரைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் ஓடுகிற லாரிகள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. வசந்தகுமார் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு, வல்லம் பக்கம் சரக்கு எடுக்கக் கிளம்பிய வேனில் அவளை ஏற்றிவிட்டார். டிரைவர் சுப்பராயன் வயசானவர். "ஒண்ணும் ஆயிருக்காதும்மா. புள்ளைங்க எங்கனா ஆடிகினு இருக்கும்" என்றார். அண்ணி சொன்னது சரிதான், நான்தான் பிடிவாதம் பிடித்தேன், பிள்ளைகளை அன்றைக்கே அனுப்பியிருந்தால் என்று ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள். பென்னலூரில் இருந்தால் என்ன, எங்கே இருந்தால் என்ன, இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

வேன் அவள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கம்பெனியின் கேட்டைத் தாண்டியது. கேட்டுக்கு வெளியே மரங்களின் கீழிருந்து நீலச் சட்டைக்காரர்கள் வரிசை வரிசையாக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, "ட்ரில் முடிஞ்சுது, எல்லாரும் லைனுக்குப் போலாம்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மஞ்சுளா அதைப் பார்த்தாள். கடந்த பிறகும் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, நேரா வூட்டுக்கு வேணாம். தண்ணி டேங்குக்கிட்ட வுடுங்க" என்றாள்.

அவர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் பின்னால் மேல்நிலைத் தொட்டி. அதை ஒட்டி ஒரு வேப்பமரம். மரத்தடியில் எழிலரசி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு கை இடைவெளி விட்டு, அன்பு. முகம் வெயிலில் சிவந்திருந்தது. இரண்டும் ஆடவில்லை, அசையவில்லை.

"ஹெட் கவுண்ட் எடுத்துட்டேம்மா" என்றாள் எழிலரசி. "ரெண்டு பேரு. சரியா கீது. நீளச் சங்கு இன்னும் ஊதல."

அந்தக் கம்பெனியில் ஒத்திகை முடிந்தால் சங்கு ஊதுவதில்லை; ஒத்திகை நடந்ததில் அன்று பன்னிரண்டரைச் சங்கையும் ஊதவில்லை. ஒலிபெருக்கியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மஞ்சுளாவின் கம்பெனியில் ஊதுவார்கள், அதைத்தான் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். வராத சங்குக்காக அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் வரை நின்றிருப்பார்கள். மஞ்சுளா மண்ணிலேயே உட்கார்ந்து இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "எனக்குப் பசிக்குதும்மா. கேன்டீன் எப்ப?" என்றான் அன்பு அவள் தோளுக்குள்ளிருந்து.

போன் போட்டதும் முனியம்மாள் ஏரிக்கரையிலிருந்து வந்து சேர்ந்தாள். செருப்பை எங்கோ விட்டிருந்தாள். புடவைத் தலைப்பு வியர்வையில் நனைந்து கிடந்தது. வந்தவள் திட்டவில்லை. அன்புவின் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள், எழிலரசியைத் தடவிப் பார்த்தாள், பிறகு மரத்தில் சாய்ந்து நின்றாள். திட்டியிருந்தால் மஞ்சுளாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேன் ஹாரன் அடித்தது. சுப்பராயனுக்குச் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கும் பாஸ் அவ்வளவு நேரம்தான்.

"அண்ணி" என்றாள்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றாள் முனியம்மாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பது மஞ்சுளாவுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் முழுக்க அவள் கை வேலை செய்தது. பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள், அதற்கு மேல் சாமியிடம் கேட்க அவளுக்கு வாயில்லை. ஆனாலும் மனசு அடங்கவில்லை.

"கெடச்சிட்டாவல்லா, பெறவும் எதுக்கு அழுதிய?" என்றாள் வேல்விழி.

"கெடச்சிட்டாங்க. நான் போறப்ப வூட்ல இருப்பாங்களான்னு தெரியல."

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போது வாசலில் சின்னச் செருப்புகள் கிடக்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தாள். கிடந்தன. உள்ளே முனியம்மாள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலை வைத்து அன்பு தூங்கிக்கொண்டிருந்தான். கழுவிய டப்பாக்கள் மேடையில் கவிழ்ந்திருந்தன.

"உன் பொண்ணு என்னிய உள்ள வுடல" என்றாள் முனியம்மாள். "கைய கழுவிகினு வரணுமாம். கழுவிகினு வந்தா டோக்கன் இல்லன்னுது. அப்பால விசிட்டருக்கு தனி டோக்கன்னு ஒண்ண வெட்டிக் குடுத்து வரிசைல நிக்க வெச்சிது. இவன் தன் கொழுக்கட்டைல ரெண்ட எனக்கு எடுத்து வெச்சான். ஊட்டி வுடறேன்னேன், கேன்டீன்ல ஊட்ட மாட்டாங்க அத்தன்னான். அத்தினியும் தானா துன்னான் மஞ்சுளா. என் வூட்டுக்கு வந்தா இவன் பின்னாடி தட்ட தூக்கிகினு தெருமுன வரிக்கும் ஓடறவ நான்."

மஞ்சுளா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புருஷோத்தமன்கிட்ட பேசிட்டேன். புள்ளைங்க இங்கியே இருக்கட்டும்னுட்டேன். ஒத்தையா இருக்க வேணாம், மத்தியானம் ஆட்டோ ஏறி நான் வந்துட்டுப் போறேன்."

மஞ்சுளா தோளில் இருந்த பையை அப்போதுதான் இறக்கி வைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். முனியம்மாள் அன்புவின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்கு இன்னா டப்பா?"

"சுண்டல் அண்ணி. மாங்கா போட்டு."

"எனக்கும் ஒண்ணு போட்டு வையி." நீட்டிய காலைத் தடவிவிட்டுக்கொண்டாள். "மத்தியானத்துக்குன்னு நான் அடுப்பு பத்த வெச்சி ரொம்ப நாளாவுது. நான் ஒருத்திக்காக எவ ஆக்கறது? காலைல மீந்தது இருந்தா துன்னுவேன், இல்லன்னா இல்ல."

மஞ்சுளா உள்ளே போய்க் கொண்டைக்கடலையில் கூட ஒரு பிடி அள்ளிப் போட்டு ஊறவைத்தாள்.